குளிர்மலைப் பயணமும் உம்மாவின் தொழுகையும்

பல ஜனவரி மாதங்களில் நானுஓயா ரயில் நிலையத்தின் வாசலில் நான் கண்ட காட்சி ஒன்றுண்டு. ரயில் வந்து நிற்கும். கம்பளித் தொப்பியும் ஸ்வெட்டருமாகக் குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். இறங்கியவர்கள் நானுஓயாவை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். வாசலில் காத்திருக்கும் வேன்களில் ஏறி நேராக நுவரெலியாவுக்குப் போய்விடுவார்கள். அங்கே கிரகரி வாவி, விக்டோரியா பூங்கா, அப்பால் ஹக்கல பூந்தோட்டம், கையில் ஸ்ட்ரோபெரிப் பெட்டி, நெரிசலில் மாட்டிய வாகனத்துக்குள் அழும் குழந்தை. இரண்டு நாளில் திரும்பி வந்து, "நுவரெலியா பார்த்தாச்சு" என்பார்கள்.

இந்த மலைநாட்டில் குளிரையும் பனியையும் காட்டும் சின்ன ஊர்கள் வேறு இருக்கின்றன. அம்பேவெல, பட்டிப்பொல, கந்தப்பளை, இராகலை, அக்கரப்பத்தனை. எல்லாம் நானுஓயாவிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய தூரம். அங்கே நுழைவுச் சீட்டும் இல்லை, வரிசையும் இல்லை. வயலைப் போலப் பரந்த புல்வெளியும், மூடுபனியும், ஒரு தேநீர்க் கடையும் இருக்கும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு, அதிலும் பர்தாவோடும் கைக்குழந்தையோடும் போகிற நம் பெண்களுக்கு, இந்தச் சின்ன ஊர்களே ஏற்றவை என்பது இங்கே பல ஆண்டுகள் ஆசிரியத் தொழில் செய்தவன் என்ற முறையில் என் துணிபு.

வெண்பனி கொட்டும் நாடுகளிலும் இதே கதைதான். துருக்கியில் பூர்சா நகருக்கு மேலே உலுதாக் மலை, மொரோக்கோவில் இஃப்ரான், லெபனானின் தேவதாரு மலை, நமக்குப் பக்கத்தில் காஷ்மீரின் குல்மார்க் என்று பனிச்சறுக்குக்குப் பேர்போன இடங்கள் முஸ்லிம்கள் வாழும் நாடுகளிலும் பகுதிகளிலும் உண்டு. பெரிய இடத்தில் நெரிசலும் செலவும். பக்கத்துச் சின்ன மலையில் அதே பனி, பாதி ஆட்கள். எங்கள் மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு: "ஹஸ்ரத், குல்மார்க்கில் பனி கொட்டுகிறது, நம் பீதுருதலாகலையில் ஏன் கொட்டுவதில்லை?" குல்மார்க்கின் அடிவாரம் சுமார் 2,650 மீற்றர். நம் பீதுருதலாகலை 2,524 மீற்றர். உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் குல்மார்க் பூமத்திய கோட்டிலிருந்து 34 பாகை வடக்கே இருக்கிறது. நாம் 7 பாகையில் இருக்கிறோம். சூரியன் நம் தலைக்கு மேலேயே நிற்பதால் வெண்பனி கொட்ட வழியில்லை. ஆனாலும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் மேகமில்லாத, காற்றடிக்காத சில இரவுகளில் நிலம் தன் சூட்டை எல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. கனத்த குளிர்காற்று பள்ளங்களில் தேங்குகிறது. விடியும்போது புல்லின் மேல் உப்புத் தூவியது போல உறைபனி படிந்திருக்கும். அதைத்தான் நம் பத்திரிகைகள் 'துகள் உறைபனி' என்று எழுதுகின்றன.

இந்த உறைபனியை என் உம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அக்கரைப்பற்றில் கடற்கரை மணலில் பிறந்து வளர்ந்தவர். ஆனால் எப்போது அழைத்தாலும் ஒரே பதில்தான்:

"ஏலாது மகன். நீங்க போய் வாங்க. எனக்குப் பயணம் போனா தொழுகை போயிரும்."

இந்தப் பதிலுக்குக் காரணம் நானேதான். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது முறையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர்கள் எல்லாரும் சேர்ந்து பஸ் ஒன்றைப் பிடித்து ஒரு 'டூர்' போனோம். மௌலவி என்பதால் என்னையே தலைவராக்கினார்கள். ழுஹர் நேரத்தில் ஒரு நகரத்துப் பள்ளிவாசலில் பஸ்ஸை நிறுத்தினோம். ஆண்கள் இறங்கினோம், வுழூச் செய்தோம், ஜமாஅத்தாகத் தொழுதோம். பெண்களுக்கு அங்கே இடமில்லை என்றார் முஅத்தின். வுழூச் செய்யத் தண்ணீர் எடுக்கவும் மறைவான வழி இல்லை. நான் பஸ்ஸின் படியில் ஏறி, "பெண்கள் ராவைக்கு வீட்டுக்குப் போய்க் கழா செய்துகொள்ளலாம்" என்று சொல்லிவிட்டேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்ததாக நினைத்தேன். அன்றிரவு பதினொரு மணிக்கு வீடு சேர்ந்தபோது உம்மா முஸல்லாவில் அமர்ந்து அழுததைக் கண்டேன். "அறுபது வருசத்துல நேரம் தவறினது இல்ல மகன். இன்டைக்கு ஒரு டூருக்காக ரெண்டு வக்து போச்சு" என்றார். ழுஹரும் அஸரும்.

தக்க காரணமின்றித் தொழுகையை நேரம் தவறவிடுவது பெரும் பாவம் என்று மிம்பரில் நின்று பேசுகிற நான், பள்ளியில் இடமில்லை என்பதை ஒரு காரணமாக எண்ணி நாற்பது பெண்களுக்குக் கழா தீர்ப்புச் சொன்னேன். இறங்கி, பக்கத்தில் ஒரு முஸ்லிம் வீட்டைக் கேட்டிருக்கலாம். ஒரு தார்ப்பாயைக் கட்டி மறைத்திருக்கலாம். பயணத்துக்கு மார்க்கம் தந்த சலுகைகளையாவது காலையிலேயே விளக்கியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு எதுவும் தோன்றவில்லை.

எனவே இம்முறை உம்மாவை அழைக்கும்போது, எங்கே என்ன பார்ப்போம் என்பதற்கு முன், எங்கே எப்போது தொழுவோம் என்பதை ஒரு தாளில் எழுதினேன். தொலைபேசியில் அதைத்தான் படித்துக் காட்டினேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "வுழூவுக்கு அங்க தண்ணி ஐஸ் மாதிரி இரிக்குமே" என்றார். வர மனம் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

தோல் காலுறை

அறபுக் கல்லூரியில் ஓதிய நாட்களில் 'மஸ்ஹு அலல் குஃப்பைன்', அதாவது தோல் காலுறையின் மேல் ஈரக் கையால் தடவும் பாடம் வரும்போது நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். மின்விசிறி இல்லாமல் வியர்த்துக் கொட்டும் கரையோர ஊரில் யாருக்குக் காலுறை வேண்டும்? பரீட்சைக்காக மனனம் செய்தோம், பிறகு மாணவர்களுக்கும் அப்படியே ஓதிக்கொடுத்தேன். நானுஓயாவுக்கு மாற்றலாகி வந்த முதல் ஜனவரியில், ஸுப்ஹுக்குக் குழாயைத் திறந்து காலை நீட்டியபோதுதான் அந்தப் பாடம் எனக்கு விளங்கியது. சுமார் 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது இந்த ஊர். தண்ணீர் பட்ட விரல் சிறிது நேரம் தன் விரலாகவே தெரியாது.

உம்மா ஒரு ஹதீஸைப் பிடித்துக்கொண்டார். சிரமமான வேளையிலும் வுழூவை நிறைவாகச் செய்வது பாவங்களை அழிக்கும் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறதல்லவா, பிறகு ஏன் சலுகை தேட வேண்டும் என்றார். நல்ல கேள்வி. வெந்நீர் கிடைக்காதவன் பொறுமையோடு குளிர்நீரில் வுழூச் செய்தால் அந்த நன்மை அவனுக்கு உண்டு. ஆனால் அடுப்பில் வெந்நீர் இருக்க, வேண்டுமென்றே குளிர்நீரைத் தேடிப்போவது அதன் கருத்தல்ல. அல்லாஹ் தான் வழங்கிய சலுகைகள் எடுத்துக்கொள்ளப்படுவதை விரும்புகிறான் என்றும் ஹதீஸ் வந்திருக்கிறது. தபூக் பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் வுழூச் செய்தபோது, அணிந்திருந்த ஜுப்பாவின் கை இறுக்கமாக இருந்ததால் கைகளை உள்ளிருந்து வெளியே எடுத்துக் கழுவினார்கள். முகீரா இப்னு ஷுஃபா (ரழி) அவர்கள் காலுறைகளைக் கழற்றக் குனிந்தார்கள். நபியவர்கள் தடுத்து, சுத்தமான நிலையில்தான் அவற்றை அணிந்தேன் என்று கூறி, அவற்றின் மேல் தடவினார்கள். புகாரியில் உள்ள செய்தி இது.

நம் ஷாஃபிஈ மத்ஹபின்படி சில நிபந்தனைகள் உண்டு. கால்களையும் கழுவி வுழூவை முழுமையாக முடித்த பின்பே காலுறையை அணிய வேண்டும். அது கணுக்காலை மூட வேண்டும், சுத்தமானதாக இருக்க வேண்டும், நடக்கத் தாங்க வேண்டும், ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காததாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் மெல்லிய நைலோன் காலுறை போதாது. ஊரில் இருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும், நீண்ட பயணத்தில் இருப்பவருக்கு மூன்று பகலும் மூன்று இரவும் அனுமதி. காலுறை அணிந்த பிறகு முதன்முதலில் வுழூ முறிந்த நேரத்திலிருந்து இந்தக் காலத்தைக் கணக்கிட வேண்டும். குளிப்புக் கடமையானால் கழற்றியே ஆக வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் ஒரே சட்டம்தான். எத்தனை மத்ரஸாக்களில் பெண்பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறோம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

உம்ராவுக்குப் போன நண்பர் ஒருவரிடம் சொல்லி மதீனாவிலிருந்து இரண்டு சோடி வருவித்தேன். ஒன்று உம்மாவுக்கு, மற்றது தங்கைக்கு. உம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சப்பாத்தா மகன், காலுறையா?" என்றார்.

தயம்மும் செய்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பில் குளிர் மிகுந்த இரவொன்றில் குளிப்புக் கடமையான அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்கள், குளித்தால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சித் தயம்மும் செய்து தொழுவித்தார்கள். செய்தியறிந்த நபியவர்கள் சிரித்தார்களே தவிர ஒன்றும் சொல்லவில்லை என்று அபூதாவூதில் வருகிறது. ஆனால் அது உயிருக்கோ உறுப்புக்கோ அஞ்சும் கடுங்குளிர், வெந்நீருக்கும் வழியற்ற நிலை. குளிருக்காகத் தயம்மும் செய்தவர் பின்னர் அத்தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டும் என்பது நம் மத்ஹபின் தீர்ப்பு. நம் மலைநாட்டுக் குளிருக்கு இரண்டு பிளாஸ்க் வெந்நீர் போதும். தேநீருக்கு ஒன்று, வுழூவுக்கு ஒன்று. எங்கள் வேனில் வுழூ பிளாஸ்க்கில் சிவப்பு நூல் கட்டியிருந்தோம். இல்லாவிட்டால் மச்சான் அதையும் குடித்துவிடுவார்.

வெள்ளை விரித்த புல்

வெள்ளிக்கிழமை மாலை தங்கையின் குடும்பமும் உம்மாவும் வந்து சேர்ந்தார்கள். பொத்துவில், மொனராகலை, வெல்லவாய, பண்டாரவளை, வெலிமடை என்று ஒரு பகல் முழுதும் ஏறி வந்த வழி. வந்ததும் நான் செய்த முதல் வேலை, சாரதித் தம்பியைப் படுக்கச் சொல்லி அறையைக் காட்டியது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத ரதெல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரி 20ஆம் திகதி, பாடசாலைப் பிள்ளைகள் சுற்றுலா வந்த பஸ் ஒன்று இறக்கத்தில் வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதியது. 7 பேர் மரணமானார்கள். வேனில் வந்த குடும்பத்தில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி விடியற்காலையில் ரம்பொடப் பக்கம் கெரண்டி எல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பகல் முழுதும் சுற்றிக் காட்டி, இரவெல்லாம் ஓட்டச் சொல்லி, "ஒரு நாள் வாடகை மிச்சம்" என்று கணக்குப் பார்க்கும் குடும்பங்களை நான் அறிவேன். மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். குறைந்த கியரில்தான் இறங்க வேண்டும். மலை வீதி பழக்கமில்லாத கரையோரச் சாரதிகளுக்கு இதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். பின்னால் அமர்ந்திருக்கும் பெண்கள் சொன்னாலும் சொன்னதுதான்.

சனிக்கிழமை ஸுப்ஹை வீட்டிலேயே தொழுதோம். உம்மா வெந்நீரில் வுழூச் செய்து, கால் ஈரத்தைத் துடைத்து, தோல் காலுறையை அணிந்துகொண்டார். தொழுத கையோடு வேன் ஏறினோம். பிளக்பூல் சந்தியில் திரும்பி மீப்பிலிமான வழியாக அம்பேவெலப் பக்கம் போகும்போது இருட்டு வெளுக்கத் தொடங்கியது. வளைவு ஒன்றைத் தாண்டியதும் மகள், "வாப்பா, புல்லுக்கு என்ன?" என்று கத்தினாள்.

தாழ்ந்த புல்வெளி முழுதும் வெளுத்துக் கிடந்தது. வேனை ஓரமாக நிறுத்தினோம். பிள்ளைகள் கரண்டியை எடுத்துக்கொண்டு ஓடிச் சுரண்டினார்கள். உம்மா மெதுவாக இறங்கி, ஒரு புல்லைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். உருகித் தண்ணீரானதும் அந்தக் கையை முகத்தில் தடவிக்கொண்டு, "ஸுப்ஹானல்லாஹ்" என்றார். வெயில் ஏறிய அரை மணித்தியாலத்தில் வெள்ளை எல்லாம் மறைந்துவிட்டது. பத்து மணிக்கு நுவரெலியாவிலிருந்து சாவகாசமாகப் புறப்பட்டு வருகிறவர்களுக்கு இது கிடைக்காது. எங்களுக்கும் வானம் தெளிந்திருந்ததால்தான் கிடைத்தது. மூடிய வானமாக இருந்திருந்தால் வெறும் ஈரப் புல்லைத்தான் பார்த்துவிட்டு வந்திருப்போம்.

அம்பேவெலப் பண்ணைகளின் பிரீசியன் மாடுகளும் காற்றாலைகளும் பிள்ளைகளுக்குப் போதுமானதாக இருந்தன. பிறகு பட்டிப்பொல. இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் இது, 1,891 மீற்றர். இதற்கும் ஒஹியவுக்கும் இடையில் பாதை 1,898 மீற்றர் வரை ஏறி, பிறகு ஊவாப் பக்கம் இறங்குகிறது. ஹோட்டன் சமவெளிக்கும் இவ்வழியே போகலாம். 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம், 2010 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. ஆனால் உலக முடிவு வரை நடக்க உம்மாவின் முழங்கால் இடம் தராது. எனவே அதை விட்டோம். எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று யாருக்கும் நேர்ச்சை இல்லை.

சாப்பாட்டைப் பற்றித் தங்கை சொன்ன ஒரு வார்த்தையை இங்கே எழுதத்தான் வேண்டும். "காக்கா, நாங்க டூர் போறதுன்டா ராவு ரெண்டு மணிக்கு எழும்பி இருவது பேருக்குச் சோறாக்குவம். வேனுக்குள்ள நித்திரை. இறங்கின இடத்தில பரிமாறுவம். வீட்ட வந்து சட்டி கழுவுவம். அடுப்புதான் இடம் மாறுது" என்றாள். இம்முறை பாணும் சம்பலும் அவித்த முட்டையும்தான். மச்சான் முதல் நாள் முணுமுணுத்தார். இரண்டாம் நாள் சம்பலை அவரே அரைத்தார்.

பிள்ளைக் காம்பராவின் திண்ணை

ழுஹரை வீட்டுக்கு வந்து தொழுவதாகத்தான் தாளில் எழுதியிருந்தேன். ஆனால் திரும்பும் வழியில் தேயிலை மலை ஒன்றைப் பார்க்க உள்வீதியில் இறங்கினோம். டயர் ஒன்று காற்றிழந்தது. மாற்றுவதற்கிடையில் நேரம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் பள்ளிவாசல் இல்லை. "வேனுக்குள்ள இருந்தே தொழலாமா?" என்று தங்கை கேட்டாள். சுன்னத்தான தொழுகையை வாகனத்தில் இருந்தபடி தொழ அனுமதி உண்டு. பர்ளுத் தொழுகைக்கு நிற்க முடிந்தவர் நிற்க வேண்டும், கிப்லாவை முன்னோக்க வேண்டும். நிறுத்தக்கூடிய வேனில் உட்கார்ந்து தொழுவது கூடாது. நம் பெண்கள் பலர் கூச்சத்தால் அப்படித்தான் செய்கிறார்கள்.

நாங்கள் தடுமாறுவதைக் கண்டு, கொழுந்துக் கூடையோடு வந்த தோட்டத்துப் பெண்மணி ஒருவர் நின்றார். இடுப்பில் படங்கு கட்டியிருந்தார், கால் வெறுங்கால். உம்மா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "குளிரல்லியா புள்ள?" என்றார்.

"பழகிப் போச்சும்மா. குளிரு என்னா செய்யும்? பனி புடிச்சா கொழுந்து கருகிப் போயிரும். கிலோ வராது. அரைப் பேருதான் போடுவாங்க."

அரைப் பேர் என்றால் அன்றைய நாளுக்குப் பாதிக் கூலி. காலையில் நாங்கள் கரண்டியால் சுரண்டி விளையாடிய வெள்ளைக்கு இப்படியும் ஒரு முகம் இருப்பதை உம்மா அப்போதுதான் அறிந்தார். அதன்பிறகு நெடுநேரம் பேசவில்லை.

விசயத்தைக் கேட்டதும் அந்தப் பெண், "நம்ம காம்பராவுல கும்புடுங்க நானா" என்றார். உள்ளே சுவரில் சாமிப் படங்கள் இருந்தன. அதை அவரே உணர்ந்து, "பிள்ளைக் காம்பரா திண்ணை இருக்கு, இன்னிக்கு அரை நாளு, புள்ளைங்க போயிருச்சு" என்று கூட்டிப் பெருக்கிக் கொடுத்தார். ஒரு சேலையை இழுத்துக் கட்டி மறைப்பும் செய்தார். நம் நாட்டில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. வெயிலைப் பார்த்து அடையாளம் கண்டோம். உம்மாவும் தங்கையும் வேன் நிழலில் பிளாஸ்க் வெந்நீரால் முகமும் கையும் கழுவி, தலையைத் தடவி, காலுறைகளின் மேல் ஈரக் கையை இழுத்துவிட்டார்கள். அவ்வளவுதான் வுழூ.

இங்கே ஒரு சட்டம். அக்கரைப்பற்றிலிருந்து வந்தவர்கள் பயணிகள். கஸ்ருக்குரிய தூரம் சுமார் 82 கிலோமீற்றர். அவர்கள் அதைவிட மிக அதிகம் கடந்து வந்தவர்கள். வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் தங்கும் எண்ணமும் இல்லை. எனவே ழுஹரை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கலாம், அதோடு அஸரையும் முன்கூட்டிச் சேர்த்துத் தொழலாம். அந்நிஸா அத்தியாயத்தின் 101ஆம் வசனம் பயணத்தில் தொழுகையைச் சுருக்குவதில் குற்றமில்லை என்கிறது. ஆனால் நானோ நானுஓயாவில் குடியிருப்பவன். எனக்குக் கஸ்ரும் இல்லை, ஜம்உவும் இல்லை. நான் இமாமாக நின்றால் பின்னால் நிற்கும் பயணிகளும் நான்கு ரக்அத் முழுமையாகத் தொழ வேண்டிவரும். ஆகவே மச்சானை இமாமாக நிறுத்தினேன். அவர் இரண்டில் ஸலாம் கொடுத்ததும் நானும் என் வீட்டாரும் எழுந்து மீதி இரண்டைத் தொழுதோம். அவர்கள் தாமதிக்காமல் அஸருக்கு இகாமத் சொன்னார்கள். முதல் தொழுகையிலேயே சேர்த்துத் தொழும் நிய்யத்தை வைக்கச் சொல்லியிருந்தேன். மௌலவியை விட்டுவிட்டு மச்சான் தொழுவிக்கிறாரே என்று உம்மாவுக்குக் குழப்பம். விளக்கியதும், "இதெல்லாம் அன்டைக்கு பஸ்ஸுல சொல்லியிருக்கலாமே மகன்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பெண்மணி எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்தார். பணம் கொடுத்தபோது வாங்க மறுத்தார். உம்மா ஒரு வார்த்தையும் சொல்லாமல் தன் புதிய கம்பளிச் சால்வையை அவர் தோளில் போட்டுவிட்டு வேனில் ஏறிக்கொண்டார்.

பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு சொல்

ஞாயிற்றுக்கிழமை கந்தப்பளை, இராகலைப் பக்கம் போனோம். ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை சிறிய ரயில் ஒன்று ஓடியது. 1885இல் நானுஓயாவை எட்டிய பெரிய பாதையிலிருந்து, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்துப் போடப்பட்ட குறுகிய பாதை. 1940களில் அது மூடப்பட்டது. வீதியோரத்தில் அதன் அடையாளங்களைத் தேடுவது மகனுக்கு விளையாட்டாக இருந்தது. பாத்தி பாத்தியாக லீக்ஸும் கரட்டும் பீட்ரூட்டும். மண்ணோடு பிடுங்கிக் கழுவிக் கட்டித் தந்தார்கள். அன்று மூடுபனியும் தூறலுமாக இருந்ததால் வேறொன்றும் பெரிதாகப் பார்க்கவில்லை.

அன்று ழுஹருக்கு நாங்கள் போன பள்ளிவாசலில் பெண்களுக்கென ஒரு சிறிய அறை, தனி வாசல், தனிக் குழாய், ஒரு வாளி, இரண்டு தொழுகை உடுப்பு இருந்தன. பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. பக்கத்துச் சாய்ப்பைத் தடுத்து அமைத்தது. உம்மா அங்கே தொழுதுவிட்டு வெளியே வரவே மனமில்லாமல் இருந்தார். பயணிகள் வந்துபோகும் வீதியிலுள்ள பள்ளிகளின் நிர்வாகிகள் இதைக் கவனிக்க வேண்டும். மினாராவுக்கு இலட்சக்கணக்கில் செலவிடுகிறோம். அல்லாஹ்வின் அடிமைப் பெண்களைப் பள்ளிகளை விட்டும் தடுக்காதீர்கள் என்று வந்திருக்க, தடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இடமில்லாமல் செய்துவிடுகிறோம்.

தயம்முமின் வசனம் இறங்கிய வரலாற்றைத் தங்கைக்கு அன்றிரவு சொன்னேன். ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் கழுத்துமாலை தொலைந்தது. அதைத் தேடுவதற்காக நபி (ஸல்) அவர்கள் தங்கினார்கள்; முழுப் படையும் தங்கியது. அங்கே தண்ணீர் இல்லை. மக்கள் அபூபக்கர் (ரழி) அவர்களிடம் முறையிட்டார்கள், அவர்களும் மகளைக் கடிந்துகொண்டார்கள். அந்த நிலையில்தான் தயம்முமின் வசனம் அருளப்பட்டது. உஸைத் இப்னு ஹுழைர் (ரழி) அவர்கள், அபூபக்கரின் குடும்பத்தாரால் கிடைத்த பரக்கத் இது முதலாவது அல்லவே என்று மகிழ்ந்தார்கள். ஒட்டகத்தை எழுப்பியபோது மாலை அதன் அடியில் கிடந்தது. "ஒரு மாலைக்காகப் படையே நின்டிச்சா காக்கா?" என்றாள் தங்கை. பிறகு மச்சானைப் பார்த்தாள். அவர் கரட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

இவ்வாண்டு புறப்பட நினைக்கும் சகோதரிகளுக்கு ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலைநாடு பெரும் அழிவைக் கண்டது. மண்சரிவுகளில் பலர் மாண்டார்கள். வீதிகளும் மலையக ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தன. எனவே நான் எழுதிய வழிகளை அப்படியே நம்பிப் புறப்படாமல், தெரிந்தவர் யாரிடமாவது விசாரித்துவிட்டு வாருங்கள். மழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வந்தால் சின்ன ஊர்களில் நின்று, சின்னக் கடைகளில் வாங்குங்கள்.

திங்கட்கிழமை காலை அவர்கள் புறப்பட்டார்கள். பைகளை ஏற்றிய பிறகு பார்த்தால், உம்மாவின் தோல் காலுறைகள் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கின. மறந்துவிட்டார் என்று எண்ணி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"அங்கேயே கிடக்கட்டும் மகன்" என்றார் ஜன்னல் வழியாக. "அக்கரைப்பற்றில அதுக்கு என்ன வேலை?"